துக்க வீட்டில் திருவருகைக் காலம்: கடலூர்க் கரையும் இலங்கைக் கரையும்

திருவருகைக் காலம் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்கி, நான்கு ஞாயிறுகளைக் கடந்து, டிசம்பர் 24 மாலையில் முடிகிறது. ஐரோப்பியத் திருச்சபைகளுக்கு அது பனியும் நீண்ட இரவும் கூடிய காலம். வங்கக் கடலின் இரு கரைகளிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கோ அது வடகிழக்குப் பருவமழையும் புயலும் கூடிய காலம். 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்கு முன் இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்தது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைப் புயல் சிதைத்தபோது திருவருகையின் முதல் ஞாயிறுக்குப் பத்து நாளே இருந்தது. 2015 நவம்பரிலும் டிசம்பர்த் தொடக்கத்திலும் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா என்று வரிசை நீள்கிறது. வாசலில் நட்சத்திரம் கட்டும் வாரத்தில் இழவு விழுந்த வீடுகளும் இருப்பது இந்தக் கரைகளில் புதிதல்ல.

ஞாயிறு வாசகங்களும் இதனோடு ஒத்துப்போவது வியப்பானது. கத்தோலிக்கத் திருச்சபையின் வாசக அட்டவணை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழல்கிறது. திருவருகையின் முதல் ஞாயிறுக்குக் குழந்தை இயேசுவோடு தொடர்பில்லை. அன்றைய நற்செய்தி எப்போதும் உலக முடிவையும் மானிட மகனின் இரண்டாம் வருகையையும் பற்றியது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவருகையின் முதல் ஞாயிறு. கடலும் அலையும் எழுப்பும் முழக்கத்தால் மக்கள் கலங்கிப்போவதைச் சொல்லும் லூக்கா 21-ஆம் அதிகாரப் பகுதி அன்றைக்கு உரியது. ஒரு வருடம் கழித்து, டிட்வா இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு தமிழகக் கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த 2025 நவம்பர் 30 அன்றும் முதல் ஞாயிறே. அன்றைய வாசகம் மத்தேயு 24: நோவாவின் காலத்து வெள்ளம் எல்லோரையும் வாரிக்கொண்டு போன செய்தி. ஆழிப்பேரலைக்கு நான்கு வாரம் முன்பு, 2004 நவம்பர் 28 அன்று வாசிக்கப்பட்டதும் இதே பகுதி. இதையெல்லாம் முன்னறிவிப்பு என்று பேசுவது மலிவான பிரசங்கம். ஆனால் திருவருகையின் நம்பிக்கை அழிவை மறைத்துவிட்டுத் தொடங்குவதில்லை என்பதற்கு இந்த வாசகங்களே சான்று.

வழிபாட்டு முறையும் அதே நிதானத்தோடு அமைந்திருக்கிறது. குருவின் உடை ஊதா. மூன்றாம் ஞாயிறு மட்டும் இளஞ்சிவப்பு அணியலாம். 'வானவர் கீதம்' எனப்படும் மகிமைப் பாடல் ஞாயிறுகளிலும் நிறுத்தப்படுகிறது. அல்லேலூயா மட்டும் நிறுத்தப்படுவதில்லை. தவக்காலத்தில் அதுவும் இருக்காது. துக்கத்தில் இருப்பவரால் கொண்டாட முடியாது, ஆனாலும் நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதில்லை என்பதை இந்த ஏற்பாடு விளக்கவுரை இல்லாமலே சொல்லிவிடுகிறது. இன்னொரு விதி பலருக்குத் தெரிவதில்லை. திருவருகை ஞாயிறுகளில் அடக்கத் திருப்பலி நிறைவேற்றக் கூடாது. அன்று அடக்கம் செய்ய நேர்ந்தால் இறைவார்த்தை வழிபாடும் கல்லறைச் செபங்களும் நடக்கும். இறந்தவருக்கான திருப்பலி வேறொரு நாளுக்குத் தள்ளிப்போகும். சாவு வீட்டாருக்கு இது முதலில் கடுமையாகத் தோன்றும். எந்தத் தனிமனிதரின் மரணமும் அந்த ஞாயிறின் எதிர்பார்ப்பை ஒதுக்கிவிட்டு முன்னே நிற்க முடியாது என்பதுதான் விதியின் உட்கிடை.

இறந்தோரைப் பற்றிய கேள்வியும் இரண்டாம் வருகையைப் பற்றிய கேள்வியும் தொடக்கத்திலேயே பிணைந்தவை. தெசலோனிக்க நகரத்துக் கிறிஸ்தவர்கள், ஆண்டவர் வருவதற்குள் தம்மில் சிலர் இறந்துபோனார்களே என்று கலங்கியபோது பவுல் எழுதிய முதல் திருமுகத்தின் 4-ஆம் அதிகாரம் அதற்கான பதில். அழ வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நம்பிக்கையற்றவரின் துயரமாக அது இருக்க வேண்டாம் என்றே சொன்னார். லாசரின் கல்லறை முன் இயேசுவே கண்ணீர் விட்டார். இரு கரைகளின் இரங்கல் பிரசங்கங்களும் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களைச் சுற்றியே வருகின்றன. வேறுபாடு தொடங்குவது, துக்கத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதில்.

கடலூரில் அதற்கான இடம் வீடு. இங்கே கிறிஸ்தவம் பழையது, ஆனால் சிறுபான்மை. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளின் பணி 1737-இல் கடலூருக்கு வந்தது. 1740-இல் வந்த மிஷனரி கீர்நாந்தர், பிரெஞ்சுப் படை 1758-இல் ஊரைப் பிடிக்கும் வரை இங்கே இருந்தார். விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர் வீரமாமுனிவர். பண்ருட்டிக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் 1860-களில் கார்ல் ஓக்ஸ் தொடங்கிய பணி டேனிஷ் மிஷனோடு இணைந்து, பின்னால் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. கத்தோலிக்கர் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் அடங்குவர். புதுச்சேரிப் பேராலயத்தின் திருவிழாவான அமல உற்பவ அன்னை விழா டிசம்பர் 8 அன்று, திருவருகையின் நடுவில்தான் வருகிறது.

இந்தக் குடும்பங்களில் ஒரு மரணத்துக்குப் பின் வரும் முதல் கிறிஸ்மஸ் தனி முறை கொண்டது. நட்சத்திரம் கட்டுவதில்லை, அல்லது விளக்கு இல்லாமல் கட்டுவார்கள். புதுத்துணி எடுப்பதில்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவதில்லை. முறுக்கும் அதிரசமும் அக்கம்பக்கத்திலிருந்தும் சம்பந்தி வீட்டிலிருந்தும் வரும். "இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்ல" என்ற ஒரு சொல்லில் வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களுக்கு நிலைமை புரிந்துவிடும். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்கள் இழவுக்குப் பின் தீபாவளியையும் பொங்கலையும் விட்டுவிடுவதும் இதே முறையில்தான். மதம் மாறியும் மாறாத தமிழ் வழக்கம் இது. கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடாமல் இருப்பது நம்பிக்கைக் குறைவு என்று கண்டிக்கும் போதகர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம், ஆனால் வழக்கத்தில் உள்ள இங்கிதம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. கேரல் குழு தெருத்தெருவாகப் போகும்போது அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடாது. மேளத்தை நிறுத்திவிட்டு, கிறிஸ்மஸ் தாத்தா வேடக்காரரை வெளியே நிற்க வைத்துவிட்டு, மெதுவான பாட்டு ஒன்றைப் பாடி, செபம் சொல்லிவிட்டு நகரும். பண்டிகை அந்த வீட்டுக்குள் நுழையாமல் வாசல் வரை வந்து போகிறது. அடுத்த வருடம் நட்சத்திரம் கட்டியாக வேண்டும் என்று உறவினர்களே எடுத்துச் சொல்வார்கள். துக்கத்துக்கு ஒரு வருடம். அதற்கு மேல் நீட்டித்தால் ஊர் முணுமுணுக்கும்.

கடலூரின் கெடில ஆற்றங்கரையில் இதைச் சொல்லும்போது திலகவதியாரை நினைக்காமல் இருக்க முடியாது. பெற்றோர் இறந்து, மணம் பேசிய கலிப்பகையார் போரில் விழுந்தபின், தம்பி மருணீக்கியாருக்காக உயிர் தாங்கி நின்றவர் அவர். திருவதிகை வீரட்டானத்தில் திருப்பணி செய்தபடி, சமணம் புகுந்த தம்பி திரும்பி வரக் காத்திருந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. துக்கம் காத்திருப்பாக மாறியதற்கு இந்த வட்டாரத்தில் எல்லா மதத்தவருக்கும் தெரிந்த கதை இதுதான். கிறிஸ்தவ நம்பிக்கையோடு அதை ஒன்றாக்கிவிட முடியாது. திலகவதியார் காத்திருந்தது உயிரோடு இருந்தவருக்காக. திருவருகை, இறந்தவரும் அந்த எதிர்பார்ப்பில் பங்கு கொண்டவர் என்கிறது. ஆனால் துக்கப்படுகிறவர் செயலற்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பதில் இரண்டும் சேர்கின்றன.

இலங்கையில் வீட்டு வழக்கங்கள் ஏறத்தாழ இவையே. நத்தார்ப் பலகாரம் சுடாமை, பாலன் குடிலை எளிமையாக அமைத்தல், கரோல் குழுவின் அடக்கமான வருகை ஆகியவை அங்கும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மரண அறிவித்தலும், 31-ஆம் நாள் நினைவும், ஓராண்டு நினைவும் பத்திரிகையில் படத்தோடு வெளிவரும். துக்கம் அச்சேறிப் பொதுவாவது அங்கே வீட்டளவிலேயே தொடங்கிவிடுகிறது. பாடசாலைகளும் அலுவலகங்களும் திருவருகைக் காலத்தில் நடத்தும் ஒளிவிழாவும் தமிழகத்தின் கிறிஸ்மஸ் விழாவைவிடப் பொதுத்தன்மை மிக்கது.

பெரிய வேறுபாடு நாட்காட்டியில் இருக்கிறது. நவம்பர் 2 இரு நாடுகளுக்கும் பொது. கல்லறைத் திருநாளன்று கடலூரில் கல்லறைத் தோட்டமும் யாழ்ப்பாணத்தில் சேமக்காலையும் ஒரே மாதிரி துப்புரவாகி, பூவும் மெழுகுவர்த்தியும் ஏற்கும். கடலூரில் அத்தோடு இறந்தோரின் மாதம் மெல்ல அடங்கிவிடும். வடக்கு கிழக்கு இலங்கையில் அது நவம்பர் 27 வரை உயர்ந்துகொண்டே போகும். விடுதலைப் புலிகள் 1989 முதல் தம் மாவீரர்களை நினைவுகூர்ந்த நாள் அது. 2009-இல் போர் முடிந்தபின் அவர்களின் கல்லறைகளான துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன. அந்த நாளில் வீட்டில் விளக்கேற்றுவதுகூடச் சந்தேகத்துக்கு உள்ளானது. 2016-இல் பல இடங்களில் மக்கள் மீண்டும் வெளிப்படையாகக் கூடினர். அந்த ஆண்டு நவம்பர் 27 ஞாயிறு, திருவருகையின் முதல் நாள். ஒரே நாளில் கோயிலில் முதல் மெழுகுவர்த்தியும், துயிலும் இல்லத்தில் ஈகைச்சுடரும். 2022-இலும் இதே சந்திப்பு. இயக்கத்தைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு கத்தோலிக்கத் தாய்க்கு அந்த இரண்டு சுடர்களையும் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. நான்கு மெழுகுவர்த்தி வளையம் 1839-இல் ஹாம்பர்க்கில் ஜொகான் விகெர்ன் என்ற லுத்தரன் போதகர் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகச் செய்த சக்கரத்திலிருந்து பிறந்தது. கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்கு நாள் எண்ணக் கொடுத்தது. வன்னியில் அந்த வளையத்தைச் சுற்றி நிற்பவர்களின் கேள்வி வேறு.

காத்திருப்பு என்ற சொல்லே இரு கரைகளிலும் ஒரே எடை கொண்டதல்ல என்பது காணாமற்போனோர் விஷயத்தில் தெரியும். தமிழகத்தில் இதற்கு நெருங்கிய நிகழ்வு ஒக்கி. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்கள் பலர் திரும்பவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர் ஊர்கள். டிசம்பர் 3 திருவருகையின் முதல் ஞாயிறு. அன்றைய நற்செய்தி, வீட்டுத் தலைவர் எந்நேரத்தில் திரும்புவார் என்று தெரியாததால் விழித்திருக்கச் சொல்லும் மாற்கு 13. கணவரும் மகன்களும் திரும்பாத வீடுகளில் அந்த வாசகத்துக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அடுத்த ஞாயிறின் முதல் வாசகம் ஆறுதல் கூறச் சொல்லும் எசாயா 40. அந்த ஆண்டு கிறிஸ்மஸ் அங்கே ஒளியிழந்திருந்தது. உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கருத இந்தியச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும். அந்தக் கால அளவைத் தளர்த்தி, குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் நிவாரணம் தர அரசு முன்வந்தது. பணம் துயரத்தைத் தீர்க்காது. எனினும் இறப்பு ஏற்கப்பட்டது. பங்குக் கோயிலில் இறந்தோருக்கான திருப்பலி ஒப்புக்கொடுக்க முடிந்தது. காத்திருப்பு துக்கமாக மாற வழி கிடைத்தது.

இலங்கையில் அந்த வழியே மறிக்கப்பட்டிருக்கிறது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப், 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், போரின் முடிவில் வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அங்கிருந்த மக்கள்தொகைக் கணக்குக்கும் வெளியே வந்தோரின் கணக்குக்கும் இடையேயான வித்தியாசம்தான் அந்த எண். பதில் கிடைக்காமலே 2021 ஏப்ரல் 1 அன்று அவர் இறந்தார். 2009 மே மாதம் வட்டுவாகலில் மக்களோடு இராணுவத்திடம் சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பும் திரும்பவில்லை. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் பதில் கேட்டுத் தெருவோரப் பந்தலில் அமர்ந்தார்கள். பிற மாவட்டங்களிலும் பந்தல்கள் எழுந்தன. 2016-இல் சட்டத் திருத்தத்தின் மூலம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஆள் காணப்படவில்லை என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழ் பெற வழி வந்தது. பல தாய்மார் மரணச் சான்றிதழைப் பிடிவாதமாக மறுக்கிறார்கள். வாங்கினால் பிள்ளையைத் தாங்களே கொன்றதாக ஆகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். மரணம் நிச்சயமில்லாதபோது 31-ஆம் நாளும் இல்லை, ஓராண்டும் இல்லை, நட்சத்திரத்தை மறுபடி கட்டும் ஆண்டும் வருவதில்லை. திருவருகைப் பாடல்களில் வரும் வருகையும் மகனின் வருகையும் ஒரே மூச்சில் கேட்கப்படுகின்றன. போதகர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். வருவார் என்று உறுதி கொடுப்பது பொய். வரமாட்டார் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. இறுதித் தீர்ப்பில் மறைக்கப்பட்டவை வெளிப்படும் என்ற நம்பிக்கை, வேறெங்கும் பழைய கோட்பாடாக ஒலித்தாலும், இங்கே அந்தத் தாய்மாரின் கோரிக்கையாகவே இருக்கிறது. திருவருகையின் முதல் பாதி பேசுவதும் இதைத்தான். கடலூர் அதை விரைந்து கடந்து குடிலை நோக்கிப் போய்விடுகிறது. முல்லைத்தீவு அங்கேயே நிற்கிறது.

அதற்காக இலங்கை வழக்கம் உயர்ந்தது, இந்திய வழக்கம் மேலோட்டமானது என்று முடிவு கட்டிவிட முடியாது. பொதுத் துக்கத்துக்கு விலை உண்டு. 2017 மே மாதம் கிழக்கு முள்ளிவாய்க்கால் புனித சின்னப்பர் ஆலயச் சூழலில் இறந்தோரின் பெயர் பொறித்த கற்களை நாட்டுவதற்கு நீதிமன்றத் தடை பெறப்பட்டது. பெயரைச் சொல்லி அழுவதற்கே வழக்காட வேண்டிய நிலை. கட்சிகளும் நினைவேந்தலில் இடம் தேடுகின்றன. இந்தியப் பக்கத்தில் துக்கத்தை வீட்டோடு அடக்குவதில் வேறொரு குறை இருக்கிறது: எந்த வீடு, எந்தத் தெரு என்ற கேள்வி. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை. சவ ஊர்வலம் செல்லும் பாதையிலும் பாகுபாடு. அந்தப் பிணக்கு முற்றி 2008 மார்ச் 9 அன்று காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். எல்லோருக்கும் ஒரே உயிர்த்தெழுதல் என்று அறிக்கையிடும் சபை, அதுவரை படுத்திருக்கும் மண்ணைப் பங்கிட்டு வைத்திருந்தது. மேற்கத்தியச் சபைகள் சில, டிசம்பர் 21-ஐ ஒட்டித் துக்கத்தில் இருப்போருக்கென 'நீலக் கிறிஸ்மஸ்' வழிபாடு நடத்துகின்றன. தமிழகத்தில் அதைப் பின்பற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, கல்லறைகளைப் பிரிக்கும் சுவரை இடிப்பது.

டிசம்பர் 24 மாலையோடு திருவருகை முடிகிறது, ஆனால் துக்கம் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. மட்டக்களப்பில் 2005-ஆம் ஆண்டு நள்ளிரவுத் திருப்பலியின்போது, புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார், மனைவி காயமடைந்தார். அவருடைய நினைவு நாளும் கிறிஸ்து பிறப்பும் அந்த ஊரில் ஒரே தேதி. பாலன் பிறந்த நேரமே ஒருவர் இறந்த நேரமாக நிற்கும் கோயிலில் ஆண்டுதோறும் மகிமைப் பாடல் பாடப்படுகிறது.

டிசம்பர் 26 இரு கரைகளுக்கும் பொது. 2004-இல் கடலூர் மாவட்டத்தில் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிதம்பரம் வட்டத்தில் பிச்சாவரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு முதலிய ஊர்களில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இலங்கையில் இறந்தவர்கள் 35,000 அளவில். கடலூர்க் கரையில் மீனவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். ஆண்டுதோறும் தேவனாம்பட்டினத்தில் கடலில் பால் ஊற்றி மலர் தூவுகிறார்கள். முந்தின நாள் கிறிஸ்மஸ் கொண்டாடிய கிறிஸ்தவர்கள் அங்கே விருந்தினராக நிற்கிறார்கள். அது நல்லதுதான், தன் பண்டிகை முடிந்த மறுநாள் அயலாரின் துக்கத்தில் போய் நிற்பது. இலங்கையிலோ மன்னார் முதல் முல்லைத்தீவு வரை கரையோரத்தில் கத்தோலிக்கர் செறிவாக இருப்பதால் நினைவேந்தல் திருப்பலியாகவே நடக்கிறது. காலை 9.25 முதல் 9.27 வரை நாடு முழுவதும் மௌனம். மட்டக்களப்பு நாவலடியிலும் வடமராட்சி கிழக்கு உடுத்துறையிலும் நினைவிடங்களில் சுடர் ஏற்றுகிறார்கள். சைவரும் கிறிஸ்தவரும் சேர்ந்தே நிற்பது இரு நாடுகளிலும் ஒன்று.

அந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, திருக்குடும்ப விழா. தென்னிலங்கை மாத்தறையில் அன்னையின் ஆலயத்துக்குள் திருப்பலி நேரத்திலேயே நீர் புகுந்தது. வேளாங்கண்ணியில் கிறிஸ்மஸுக்கு வந்திருந்த திருப்பயணிகள் கரையில் மாண்டனர். அன்றைய நற்செய்தி மத்தேயு 2-இல் திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் சென்ற பகுதி. வாசக அட்டவணையில் 13 முதல் 15 வரையும் 19 முதல் 23 வரையும் உள்ள வசனங்கள்தான் உண்டு. இடையில் உள்ள மூன்று வசனங்கள், பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்பட்டதும் பிள்ளைகளை இழந்த ராகேல் ஆறுதலை மறுப்பதும், விடப்பட்டிருக்கின்றன. அவை மாசில்லாக் குழந்தைகள் விழாவான டிசம்பர் 28-க்கு உரியவை. 2004-இல் அது செவ்வாய்க்கிழமை. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் பிள்ளைகளின் உடல்கள் அடையாளம் தெரியாமலே கூட்டாகப் புதைக்கப்பட்டுக்கொண்டிருந்த வாரத்தில், விடப்பட்ட அந்த மூன்று வசனங்களும் திருப்பலியில் வாசிக்கப்பட்டன.